கழிமுகச் சேற்றில் கன உலோகம்: தூர்வாரலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: "எண்ணூர் கழியில் தண்ணீரைச் சோதித்தால் கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்கிறார்கள். அடியில் இருக்கும் சேற்றில் ஏராளம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக முடியும்? அந்தச் சேற்றை மொத்தமாக வாரி எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? அங்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடலாமா?"

பதில்: இரண்டும் உண்மைதான். ஒன்று சரி என்றால் மற்றது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒரு தரப்பு தண்ணீர் அறிக்கையையும் மறுதரப்பு சேற்று அறிக்கையையும் தூக்கிக் காட்டிச் சண்டையிடுவது அதனால்தான். உண்மையில் தண்ணீரில் உலோகம் குறைவாக இருப்பதற்கும் சேற்றில் அது குவிந்து கிடப்பதற்கும் காரணம் ஒன்றே.

ஈயம், துத்தநாகம், குரோமியம், பாதரசம் போன்றவை கரைந்த நிலையில் தண்ணீரில் நெடுநாள் நிற்பதில்லை. ஆற்றில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்களின் மேலும், துரு போன்ற இரும்புப் படலங்களின் மேலும், மக்கிய தாவரப் பொருள்களின் மேலும் ஒட்டிக்கொள்கின்றன. நன்னீரில் அந்தத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாக மிதந்து வரும். உப்புநீரைத் தொட்டதும் அந்த விலக்கம் குறைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, கீழே இறங்கிவிடும். ஆறு கடலில் கலக்கும் இடம், துறைமுகப் படுகை, அலைத்தடுப்புச் சுவருக்கு உட்புறம் என்று நீரோட்டம் தளர்கிற இடங்களிலெல்லாம் இது நடக்கிறது. மேலே உள்ள ஒரு லிட்டர் நீரில் இருப்பதைப்போல் லட்சம் மடங்கு ஈயம் அடியில் உள்ள ஒரு கிலோ சேற்றில் இருப்பது சாதாரணம். ஆகவே தண்ணீர் மாதிரி, எடுத்த அன்றைய ஓதத்தின் (கடல்நீர் ஏறி இறங்குவதன்) நிலையை மட்டுமே சொல்லும். ஐம்பது ஆண்டுகளாக அந்த இடத்தில் யார் எதைக் கொட்டினார்கள் என்பதைச் சேறுதான் சொல்லும்.

துறைமுகத்துக்கு ஆறு கொண்டுவருவது போதாதென்று அதன் சொந்தக் கணக்கும் உண்டு. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு இருக்கிறது. முன்பு வெள்ளீயம் கலந்த நச்சு வண்ணங்களும் இருந்தன. அவற்றைத் தடைசெய்த சர்வதேச உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்தது என்றாலும், பழைய துறைமுகங்களின் சேற்றில் அந்த வெள்ளீயச் சேர்மம் இன்னும் கிடக்கிறது. துருவைத் தடுக்கக் கப்பலில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள், சரக்கு இறக்கும்போது சிந்தும் கனிமமும் நிலக்கரியும், பழுதுபார்க்கும் தளங்களில் சுரண்டிப்போடும் பழைய வண்ணம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இனி, சேற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தூர்வாரலாமா என்ற உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

கழியின் அடியில் ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை ஒரு முழம் செருகி, மேல்முனையை அடைத்து, மெதுவாக வெளியே எடுத்தால் சேறு கலையாமல் அடுக்கடுக்காக வரும். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு. அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். மேல்தோலில் மட்டும் ஆக்சிஜன் எட்டுகிறது. கீழே இருக்கும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்ஃபேட்டை வைத்து உயிர்வாழ்ந்து சல்ஃபைடை வெளியிடுகின்றன. அந்தச் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்துதான் கறுப்பு நிறம் தருகிறது. காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம், பாதரசம் எல்லாவற்றையும் அதே சல்ஃபைடு கரையாத வடிவத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கறுப்புச் சேற்றில் ஒரு கை அள்ளிப் படகின் பலகையில் பரப்பி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் விளிம்பிலிருந்து பழுப்பேறத் தொடங்கும். காற்று பட்டுச் சல்ஃபைடு சிதைவதன் அடையாளம் அது. அது பிடித்துவைத்திருந்த உலோகங்கள் அதனுடன் விடுபடத் தொடங்குகின்றன. தூர்வாரும் இயந்திரம் இதையே ஆயிரக்கணக்கான டன் அளவில் செய்கிறது.

விடுபட்டதெல்லாம் தண்ணீரிலேயே தங்கிவிடுவதில்லை. சேற்றிலிருந்து வெளியேறும் இரும்பு உடனே துருவாகி அவற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கரைந்த உலோகத்தைவிட, கலங்கிய நுண்துகள்கள் ஓதத்தோடு போய் இதுவரை சுத்தமாக இருந்த இடங்களில் படிவதுதான் பல இடங்களில் பெரிய சேதம். காட்மியம் மட்டும் தனி ரகம். கடல்நீரின் குளோரைடு அதை எளிதில் கரைசலில் நிறுத்திவைத்துவிடும்.

இதனால்தான் "சேற்றில் இவ்வளவு மில்லிகிராம் ஈயம்" என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். அந்த எண் எப்படி ஏமாற்றும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உலோகங்கள் ஒட்டுவது நுண்ணிய துகள்களில்தான், மணலில் மிகக் குறைவு. ஒரே கழியில் மணற்பாங்கான இடத்தில் மாதிரி எடுத்தால் நல்ல பெயர் வரும், நூறு மீட்டர் தள்ளிக் களிச்சேற்றில் எடுத்தால் கெட்ட பெயர் வரும். அதனால் ஒழுங்கான ஆய்வு, 63 மைக்ரானுக்குக் குறைவான துகள்களை மட்டும் சலித்துப் பார்க்கும், அல்லது களிமண்ணில் இயல்பாக உள்ள அலுமினியத்தோடு விகிதம் போட்டு ஒப்பிடும். இதைச் செய்யாத அறிக்கை எந்தத் தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும் ஒதுக்கிவைக்க வேண்டியதே.

அடுத்தது, எதோடு ஒப்பிடுவது என்பது. அமெரிக்காவில் உருவாகி உலகமெங்கும் பயன்படும் ஒரு வழிகாட்டு அளவில் செம்புக்கு ஒரு கிலோவுக்கு 34 மில்லிகிராம், குரோமியத்துக்கு 81, ஆர்சனிக்குக்கு 8.2 என்று கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் மனிதக் கை படாத சாதாரணக் களிப்பாறையிலேயே சராசரியாகச் செம்பு 45, குரோமியம் 90, ஆர்சனிக் 13 இருக்கிறது. அப்படியானால் இயற்கையே மாசுபட்டது என்று ஆகிவிடும். அந்த அளவுகள் எங்கே கூடுதலாக ஆராய வேண்டும் என்று காட்டும் கருவிகளே தவிர, குற்றப்பத்திரிகை அல்ல. அதே அட்டவணையில் ஈயத்தின் கீழ்வரம்பு 46.7, களிப்பாறைச் சராசரி 20 என்பதால் அங்கே ஒப்பீடு பொருள்படுகிறது. உள்ளூர்ப் பின்னணி அளவைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி, அதே இடத்தில் ஆழமாகக் குழாய் இறக்கித் தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய அடுக்கைச் சோதிப்பதுதான். 22 ஆண்டு அரைவாழ்வு கொண்ட ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பும், அணுகுண்டுச் சோதனைகள் 1963 வாக்கில் விட்டுச்சென்ற சீசியம்-137 உச்சமும் எந்த அடுக்கு எந்த ஆண்டினது என்று காட்டிக்கொடுக்கும். படிவு கலையாத இடமாக இருந்தால், 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதைக்கூட அதில் தேடிப் பார்க்கலாம்.

எண்ணூருக்கு வருகிறேன். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் அந்தக் கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. 2017 ஜனவரியில் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிக்குள் வந்து படகுகளையும் அலையாத்திச் செடிகளையும் கறுப்பாக்கியது. கச்சா எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் உண்டு என்பதால் அதுவும் உலோகக் கணக்கில் சேர வேண்டியது. ஆனால் அந்தக் கழியின் தனிப்பட்ட துயரம் சாம்பல். வட சென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் தண்ணீரில் கரைத்த குழம்பாகக் குழாய்களில் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் உடைந்து கழியில் சாம்பல் படிந்ததும், மீனவர்கள் அதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் பலமுறை செய்தியானவை.

சாம்பலை ஆற்றுச் சேற்றைப்போல் நடத்தக் கூடாது. நிலக்கரி எரியும்போது ஆர்சனிக், செலினியம் போன்றவை ஆவியாகி, புகை குளிரும்போது சாம்பல் உருண்டைகளின் வெளிப்பரப்பில் படிகின்றன. வெளிப்பரப்பில் இருப்பது தண்ணீர் பட்டால் எளிதில் கழன்றுவரும். மேலும், ஆர்சனிக்கின் குணம் காட்மியத்துக்கு நேர்மாறு. காட்மியம் ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் அடங்கிக் கிடக்கும், காற்றுப் பட்டால் வெளியே வரும். ஆர்சனிக் காற்றுள்ள இடத்தில் இரும்புத் துருவைப் பற்றிக்கொண்டு கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்து அந்தத் துரு கரையும்போது அதுவும் கூடவே கரைந்து வெளியேறும். எனவே "தொடாமல் விட்டுவிட்டால் பத்திரம்" என்ற வாதம் எல்லா உலோகத்துக்கும் பொருந்தாது. "வாரிவிட்டால் போதும்" என்பதும் அப்படியே.

வாரி எடுத்து வெற்றி கண்ட இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடா. அங்கே என்ன செய்தார்கள், என்ன வரிசையில் செய்தார்கள் என்பதைத் தூர்வாரும் திட்டம் போடுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்த சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரிக்கப் பாதரசத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. அந்த வினையிலேயே மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சு உண்டாகிக் கழிவுநீரோடு விரிகுடாவின் ஹியாக்கென் துறைமுகத்தில் கலந்தது. அந்த நஞ்சேறிய மீனை உண்டவர்களின் நரம்புகளைத் தாக்கிய மினமாட்டா நோய் 1956 மே மாதம் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. 1958-இல் நிறுவனம் கழிவை நிறுத்துவதற்குப் பதிலாக வெளியேற்றும் இடத்தை மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்கு மாற்றியது. அடுத்த ஆண்டே அந்தப் பக்கத்திலும் நோயாளிகள் தோன்றினார்கள். 1959-இல் பழைய கழிவு வாய்க்காலின் அருகே எடுத்த ஒரு கிலோ சேற்றில் ஏறக்குறைய 2 கிராம் பாதரசம் இருந்தது. சாதாரணக் களிமண்ணில் அது அரை மில்லிகிராம்கூட இருக்காது. உற்பத்தி 1968 மே மாதம்தான் நின்றது. நோய்க்குக் காரணம் அந்த ஆலைக் கழிவுதான் என்று அரசு ஒப்புக்கொண்டது அதே ஆண்டு செப்டம்பரில்.

தூர்வாரும் பணி 1977-இல் தொடங்கியது. அதாவது, கழிவு நின்று ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு. தொடங்கியதுமே, சேற்றைக் கலக்கினால் மறுபடி நஞ்சு பரவும் என்று அஞ்சிய மக்கள் நீதிமன்றம் போனார்கள். வேலை நின்று, 1980-இல்தான் மீண்டும் தொடங்கியது. ஒரு கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேறு மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டது. சில இடங்களில் அது 4 மீட்டர் தடிமன். மிக மோசமான உள்விரிகுடாச் சேற்றை அவர்கள் அசைக்கவே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தப் பகுதியைக் கடலிலிருந்து எஃகுத் தகட்டு அறைகளால் சுவர் கட்டிப் பிரித்தார்கள். வெளிப்பக்கச் சேற்றை, வெட்டும் தலை இல்லாத, கலக்காமல் மெதுவாக உறிஞ்சும் கப்பல்களைக் கொண்டு எடுத்து, சுவருக்குள் பழைய சேற்றின் மேலேயே நிரப்பினார்கள். மேலே செயற்கை இழைத் துணி, அதன்மேல் எரிமலை மண், அதன்மேல் நல்ல மண். வேலை நடந்த காலமெல்லாம் நீரின் கலங்கலையும் மீனின் பாதரசத்தையும் தொடர்ந்து அளந்தார்கள். 1990-இல் முடிந்தபோது சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு உள்ளே இருந்தது. 58 ஹெக்டேர் புதிய நிலம் உருவானது. செலவு 4,850 கோடி யென். விரிகுடாவின் மீன் வெளியே போகாமலிருக்க 1974-இல் கட்டிய வலை, மீனில் பாதரசம் ஜப்பானிய வரம்பான கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகு 1997-இல்தான் அகற்றப்பட்டது. பிடித்த நச்சு மீன்களைப் பீப்பாய்களில் அடைத்து அதே நிலத்தில் புதைத்தார்கள். அந்த நிலம் இன்று பூங்கா. அடியில் பாதரசம் அப்படியேதான் இருக்கிறது; எஃகு துருப்பிடிக்கும் என்பதால் சுவரைக் கண்காணிக்கும் வேலை முடியவில்லை.

இந்த வரிசையில் முதலில் வந்தது கழிவை நிறுத்தியது என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேலே குழாய் திறந்திருக்கும்போது அடியில் வாருவது பணத்தைக் கடலில் கொட்டுவது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் இதை வேறு விதமாகக் கற்றது. ரைன் ஆறு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆலைகளின் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து அந்தத் துறைமுகத்தில் போட்டது. ஆண்டுதோறும் வாரிய சேற்றில் கணிசமான பங்கைக் கடலிலும் கொட்ட முடியாது, வயலிலும் பரப்ப முடியாது என்றானபோது, 1987-இல் ஸ்லூஃப்டர் என்ற 15 கோடி கன மீட்டர் கொள்ளளவுள்ள சேமிப்புப் படுகையைக் கட்டினார்கள். அத்தோடு நிற்கவில்லை. ஆற்றின் வழியே மேலேறிப்போய் எந்த ஆலையின் குழாயிலிருந்து என்ன வருகிறது என்று அளந்து, வழக்குப் போடுவோம் என்று எச்சரித்து, ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் துறைமுகச் சேறு தானாகவே தரம் உயர்ந்தது. ஒரு நகராட்சி நாடு தாண்டிப்போய்ச் செய்த காரியம் இது. எண்ணூரில் எல்லா ஆலைகளும் ஒரே மாநிலத்துக்குள், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன.

எனவே எண்ணூரைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், வாருவதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் என்பேன். முகத்துவாரத்தில் அலை குவிக்கும் மணல்திட்டை எடுப்பது ஒன்று. அது பெரும்பாலும் கரடுமுரடான மணல், உலோகம் குறைவு. எடுத்தால் படகு போகும், ஓதம் உள்ளே வரும், கழி மூச்சுவிடும். அதை எதிர்க்க வேண்டியதில்லை. உள்ளே கிடக்கும் சாம்பலையும் கறுப்புச் சேற்றையும் எடுப்பது முற்றிலும் வேறு. அதற்கு முதலில் சாம்பல் கசிவும் ஆலைக் கழிவும் நிற்க வேண்டும். பிறகு இடம் இடமாக ஆழம்வாரியாக மாதிரி எடுத்து, மொத்த உலோகத்தோடு அமிலத்தில் கரையும் சல்ஃபைடையும், எளிதில் கழன்றுவரும் பங்கையும் அளக்க வேண்டும். சல்ஃபைடைவிட உலோகம் கூடுதலாக இருக்கும் இடங்கள்தான் உயிர்களுக்கு உடனடி ஆபத்து. வாரிய சேறு எங்கே போகும் என்று எழுதப்படாத எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது. கரையில் குவித்து வைத்தால் அது காய்ந்து, சல்ஃபைடு அமிலமாகி, அடுத்த வடகிழக்குப் பருவமழையில் உலோகத்தோடு திரும்பக் கழிக்கே வந்து சேரும். தாழ்வான நிலத்தை மேடாக்க அந்தச் சேற்றைப் பயன்படுத்துவது அதைவிட மோசம்.

மீன் சாப்பிடலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. மீனின் சதையில் ஈயமும் காட்மியமும் அதிகம் சேர்வதில்லை. அவை ஈரல், செவுள், எலும்பில் தங்குகின்றன. வந்துபோகும் மடவை போன்ற மீன்களைச் சுத்தம் செய்து, குடலும் செவுளும் நீக்கிச் சாப்பிடுவதில் உலோக ஆபத்து ஒப்பளவில் குறைவு. எண்ணெய்க் கசிவு நடந்த நாள்களில் அது வேறு விஷயம், அப்போது எதையும் சாப்பிடக் கூடாது. சேற்றிலேயே கிடந்து, துகள்களை வடிகட்டி உண்டு, முழுதாக நம் தட்டுக்கு வரும் மட்டியும் சிப்பியும்தான் எனக்குக் கவலை தருபவை. நண்டில் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளும் பழுப்புமான பகுதியைச் சிலர் விரும்பி உண்பார்கள். காட்மியம் சேர்வது அங்கேதான், அதைத் தவிர்த்துவிடலாம். பாதரசம் மட்டும் சதையிலேயே சேரும், பெரிய மீன்களில் கூடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் எந்த உலோகமும் போகாது.

மீனைவிட நான் முதலில் கேட்கும் கேள்வி, அங்கே கையால் இறால் பிடிக்கிறவர்களைப் பற்றியது. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பறியை (இறால் போடும் கூடையை)ப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் எடுக்கிறார்கள். தோல் வழியாக உலோகம் அதிகம் போகாது. ஆனால் சேற்றுக் கையோடு பறியில் இறாலைப் போடும்போது வாயருகே சேறு போகிறது. கரையில் விளையாடும் குழந்தைகளுக்கும் விரல் வழியாக வாய்க்குப் போகிறது. எந்த ஆய்விலும் இவர்கள் கணக்கில் வர வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். சில மில்லிலிட்டர் ரத்தத்தில் முடியும் சோதனை அது. உணவுச் சோதனை கேட்கும்போது மீனின் சதையை மட்டும் கொடுத்து அனுப்பாமல், மட்டியை முழுதாகவும் நண்டின் மஞ்சள் பகுதியைத் தனியாகவும் சோதிக்கும்படி எழுத்திலேயே கேளுங்கள். ஆர்சனிக் என்று வந்தால் மொத்த அளவு போதாது. கனிம ஆர்சனிக்கைத் தனியாகத் தரச் சொல்லுங்கள். கடலுயிர்களில் இயல்பாக இருக்கும் கரிம ஆர்சனிக் பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டையும் கூட்டிக் காட்டினால் பயமுறுத்தவும் முடியும், உண்மையான பயத்தை மறைக்கவும் முடியும்.